பக்கிரிசாமி, நா., 1901–1958

வெள்ளிக்கிழமை மாலை வரை
எங்கள் அட்டவணை எங்களுடையது.
ஜார்ஜ் டவுனில், பழைய அரிசிக் கிடங்கின் மாடியில்
நாலாயிரத்துச் சொச்சம் தமிழ்ப் புத்தகங்கள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு, என் கைப்பட.
சனி ஞாயிறில் கோலாலம்பூரிலிருந்து வந்து இணைத்தார்கள்.
வரவில்லை, சொல்லப்போனால்.
தொலைபேசியில் சுல்கிப்ளி
"சியாப், காக்" என்றார். அவ்வளவுதான்.

திங்கள் காலை திரையைத் திறந்தால்
எல்லாம் நன்றாகத்தான் இருந்தது,
நாம் இல்லாதபோது யாரோ வந்து
வீட்டைக் கூட்டி, சாமான்களை இடம் மாற்றிவிட்டுப்
போனதுபோல் நன்றாக.

தேடினேன்: ஃபெரி, பினாங்கு.
"நீர்வழிப் போக்குவரத்து என்பதைக் காண்க."
தேடினேன்: தோட்டப் பள்ளி.
"கிராமப்புறக் கல்வி என்பதைக் காண்க."
கண்டேன்.
தமிழ் எழுத்து இரண்டாம் வரிக்கு இறங்கியிருந்தது.
மேல் வரியில், ழகரம் எல்லாம்
அடிக்கோடிட்ட ஓர் எல்.

குறிப்புக் கட்டத்தில் நான் எழுதி வைத்தவை:
வெள்ளத்தில் நனைந்த பிரதி, மெதுவாகத் திறக்கவும்.
உள்ளட்டையில் துறைமுகத் தொழிலாளர் சங்க முத்திரை.
பக்கம் 41 இல்லை, அச்சகத்திலேயே விட்டுப்போனது.
ஒன்றுகூட இல்லை.
உள்ளூர்க் குறிப்பு பிற நூலகங்களுக்குப் பயன்படாதாம்.
விதி எண் பன்னிரண்டு.

புதன்கிழமை பக்கிரிசாமி வந்தார்.
ஃபெரியில் முப்பத்தோரு வருஷம் என்ஜின் அறை.
ஒரே ஒரு கவிதைத் தொகுப்பு, 'எண்ணெய்க் கை',
முந்நூறு பிரதி, சொந்தக் காசு.
கூட வந்த மருமகளுக்குக் காட்ட
ஒற்றை விரலால் தன் பெயரைத் தட்டினார்.

பக்கிரிசாமி, நா., 1901–1958.
கீழே அவருடைய தொகுப்பு.
அதற்கும் கீழே அவர் எழுதாத மூன்று:
பாம்புக்கடி வைத்தியம், மாட்டு வாகடம்,
நாகப்பட்டினத்தில் அச்சான ஒரு தல புராணம்.

"நான் செத்து எத்தன வருஷம் ஆச்சு, மிஸ்?"
சிரிக்கவில்லை. விரல் விட்டு எண்ணினார்.
"அப்ப எனக்கு ரெண்டு வயசு."

திருத்து என்ற பொத்தானை அழுத்தினேன்.
சாம்பல் நிறம். அழுந்தவில்லை.
நான் உண்டாக்கிய பதிவு. எனக்கு அனுமதி இல்லை.
படிவம் உண்டு; சான்று இணைக்க வேண்டும்.
அவர் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்,
போலீஸ்காரரிடம் வைப்பதுபோல.
இரண்டு பக்கமும் நகல் எடுத்து அனுப்பினேன்.
பதிலுக்கு ஆறு வாரம் என்றது தானியங்கி.

சுல்கிப்ளியைக் கூப்பிட்டேன். கெட்ட மனிதர் இல்லை.
"ஆளாளுக்குத் திருத்தினால்
ஒரு புத்தகத்துக்கு முப்பது முகம் வரும், காக்."
பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
ஒரே எழுத்தாளரின் பெயரை
ஏழு வருஷமாக மூன்று விதமாக எழுதி வைத்திருந்தவள் நான்.
எங்கள் மாடியில் யாருக்கும் தெரியாது.
இந்த இணைப்புதான் கண்டுபிடித்தது, ஒரே இரவில்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்.
அந்த வாரமே சித்தியவானிலிருந்து ஒரு கோரிக்கை:
'எண்ணெய்க் கை', ஒரு பிரதி, இரவலுக்கு.
பன்னிரண்டு வருஷத்தில்
அந்தப் புத்தகம் கிடங்குப் படியை இறங்கியதில்லை.
கேட்டவர் என்ஜின்காரரைத் தேடினாரா
இல்லை, செத்துப்போன வைத்தியரைத் தேடும்போது
இதில் வந்து தடுக்கினாரா,
கோரிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.

உறையில் போடுவதற்கு முன்
பின்னட்டையின் உட்புறத்தைத் திருப்பினேன்.
எந்தச் சர்வருக்கும் எட்டாத இடம்.
பென்சிலைச் சீவி எழுதினேன்:

ஆசிரியர் பிறந்தது 1956.
ஆயர் ஈத்தாமில் இருக்கிறார்.
புதன்கிழமைகளில் இங்கே வருவார்.
பக்கம் 41 வேண்டுமானால் போன் செய்யவும்,
மனப்பாடமாகச் சொல்வார்.